விழித்திரையில் உருவாகும் வடு: அதில் உள்ள செல்கள் எவை, அது ஏன் சுருங்குகிறது?

விழித்திரை நோய்க்குச் சிகிச்சை பெறுவோரின் மருத்துவக் குறிப்பேட்டில் ‘சவ்வு உருவாகியுள்ளது’ என்னும் தொடர் அடிக்கடி இடம்பெறுகிறது. நம் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் கண்நோய் என்றால் ‘புரை’, ‘சதை வளர்ச்சி’ என்னும் இரண்டு சொற்களே பெரிதும் வழக்கில் உள்ளன. ஆகையால் சவ்வு என்றதும், கருவிழியின் மேல் படரும் சதையையோ, லென்சில் விழும் புரையையோ பலர் எண்ணிக்கொள்கின்றனர். இது அவ்விரண்டும் அன்று. கண்ணின் பின்சுவரில், விழித்திரையின் மேலோ அடியிலோ உருவாகும் வடுத் திசுவே இங்குச் சவ்வு எனப்படுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியாது. கண்ணாடியில் தம் முகத்தைப் பார்க்கும் நோயாளிக்கும் தெரியாது.

இந்தச் சொல்லைக் கேட்ட குடும்பத்தினர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். ‘சொட்டு மருந்தாலோ ஊசியாலோ இதைக் கரைக்க முடியாதா?’ என்பது முதலாவது. அறுவைச் சிகிச்சை முடிந்து சில வாரங்களில் சவ்வு மீண்டும் தோன்றிவிட்டால், ‘முதலில் சரியாகச் செய்யவில்லையா?’ என்பது இரண்டாவது. இரண்டும் நியாயமான கேள்விகள். இவற்றுக்கு விடை காண, அந்த வடு எவற்றால் ஆனது என்பதை ஓரளவேனும் அறிய வேண்டும். வடு என்பது உறைந்துபோன பசையோ படிந்த அழுக்கோ அன்று. அது உயிருள்ள செல்களின் கூட்டம். அக்கூட்டத்தில் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த வெவ்வேறு வகைச் செல்கள் உள்ளன.

தோல் ஆறுவதும் விழித்திரை ஆறுவதும்

கையில் ஆழமான வெட்டுக்காயம் பட்டால் அது ஆறும்போது இருபுறத் தோலும் மெல்ல நெருங்கி வருவதைப் பார்த்திருப்பீர்கள். காயத்தைத் தைக்காமல் விட்டாலும் அது ஓரளவு தானே சுருங்கும். அவ்வாறு சுருக்கும் செல்லை 1971ஆம் ஆண்டில் ஜூலியோ கப்பியானியும் அவருடைய உடன்பணியாளர்களும் விவரித்தனர். நார்களை உற்பத்தி செய்யும் செல்லின் தன்மையும், தசையைப் போலச் சுருங்கும் தன்மையும் ஒருங்கே கொண்டிருப்பதால் அதற்கு ‘மயோஃபைப்ரோபிளாஸ்ட்’ என்று பெயர். தமிழில் ‘தசைநார்ச் செல்’ எனலாம். அதனுள் ‘ஆக்டின்’ என்னும் புரத இழைகள் கயிறுபோல் இழுபட்டு நிற்கின்றன. தன்னைச் சுற்றி அது கொலாஜன் நார்களை நெய்கிறது. பின்னர் அந்த நார்களைப் பற்றிக்கொண்டு இழுக்கிறது.

தோலுக்கு இந்த இழுப்பு நன்மை செய்கிறது. விழித்திரையின் நிலை வேறு. அதன் தடிமன் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான். அந்தக் கால் மில்லிமீட்டருக்குள் ஒளியை உணரும் செல்களும், அச்செய்தியை மூளைக்கு அனுப்பும் நரம்புச் செல்களும் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. ஈரமான பட்டுத்துணியின் மேல் ஒரு பிசின் பட்டையை ஒட்டி, அது காய்ந்து சுருங்கினால் துணிக்கு என்ன நேருமோ அதுவே வடு சுருங்கும்போது விழித்திரைக்கும் நேர்கிறது. முதலில் மடிப்பு விழும். பிறகு அது தன் இடத்திலிருந்து பெயரும். சில வேளைகளில் கிழியும். ஆற்ற வந்த செல்லே பார்வையைப் பறிக்கிறது.

வடுவில் இருப்பவர்கள் யார்?

அறுவையின்போது உரித்தெடுத்த சவ்வை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஒவ்வொரு செல்லுக்கும் உரிய புரதத்தை நிறமேற்றிப் பார்த்தால் அதன் பூர்விகம் தெரியவரும். ‘சைட்டோகெரட்டின்’ இருந்தால் அது நிறமிச் செல்லிலிருந்து வந்ததாக இருக்கலாம், ‘ஜி.எஃப்.ஏ.பி.’ என்னும் புரதம் இருந்தால் கிளையல் செல். தசைவகை ஆக்டின் இருந்தால் அது சுருங்கும் நிலைக்கு வந்துவிட்ட தசைநார்ச் செல்.

இவற்றுள் நிறமிச் செல்லின் வரலாறு வியப்பானது. விழித்திரைக்குப் பின்னால், தேன்கூட்டு அறைகளைப் போல ஆறுபக்க வடிவில், ஒரே அடுக்காக இச்செல்கள் அமைந்துள்ளன. ஒளியுணர் செல்களுக்கு ஊட்டமளிப்பதும் அவற்றின் கழிவை விழுங்கி அகற்றுவதும் இவற்றின் பணி. நலமான வளர்ந்த மனிதரின் கண்ணில் இவை பெருகுவதில்லை. வாழ்நாள் முழுதும் அதே இடத்தில் அடக்கமாகப் பணியாற்றுகின்றன. விழித்திரையில் ஓட்டை விழும்போது இந்த ஒழுங்கு குலைகிறது. ஓட்டையின் வழியாக நிறமிச் செல்கள் சில வெளியேறி, கண்ணின் நடுவிலுள்ள ‘விட்ரியஸ்’ என்னும் தெளிந்த கூழுக்குள் மிதக்கத் தொடங்குகின்றன. பரிசோதனை விளக்கொளியில் அவை மூக்குப்பொடி தூவியதுபோலத் தெரியும். அந்தப் பொடியைக் கண்டவுடனேயே எங்கோ ஓட்டை இருக்கிறது என்று நாங்கள் தேடத் தொடங்குவோம்.

வெளியேறிய செல் பழைய செல்லாக இருப்பதில்லை. அண்டைச் செல்களோடு இருந்த பிணைப்பு அறுந்ததும், சூழ்ந்துள்ள வளர்ச்சிப் புரதங்களின் தூண்டுதலால் (அவற்றுள் ‘டி.ஜி.எஃப். பீட்டா’ முக்கியமானது) அது தன் ஆறுபக்க வடிவை இழக்கிறது, நிறமியையும் படிப்படியாக இழக்கிறது, நீண்டு, நகர்ந்து, பெருகி, இறுதியில் தசைநார்ச் செல்லாகவே மாறிவிடுகிறது. விழித்திரைப் பெயர்ச்சியில் வளரும் சவ்வுக்கு நிறமிச் செல்கள் காரணமாவதை 1970களின் நடுவில் ராபர்ட் மாகமர், ஹோர்ஸ்ட் லாக்வா ஆகியோர் குரங்குகளில் நடத்திய ஆய்வுகளால் விளக்கினர். இந்நோய்க்கு இன்று வழங்கும் ‘பி.வி.ஆர்.’ என்னும் பெயர் 1983இல் வகுக்கப்பட்டது. மிதக்கும் செல்கள் ஈர்ப்பு விசையால் கண்ணின் கீழ்ப்பகுதியில் படிவதால், வடுவும் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில்தான் வலுவாக உருவாகிறது. சிறிய செய்தியாகத் தோன்றினாலும், சிகிச்சையைத் திட்டமிடும்போது இதை நாங்கள் எப்போதும் கணக்கில் கொள்கிறோம்.

அடுத்தவை கிளையல் செல்கள். நரம்புச் செல்களுக்குத் துணைநின்று தாங்குபவை இவை. இவற்றுள் ‘முல்லர் செல்’ விழித்திரையின் முழுத் தடிமனையும் ஊடுருவி நிற்கும் தூண் போன்றது. 1851இல் ஹைன்ரிச் முல்லர் இதை விவரித்தார். விழித்திரைக்கு ஊறு நேர்ந்தால் இச்செல்கள் வீங்கிப் பெருகி, மேற்பரப்புக்கு வந்து படர்கின்றன. இவற்றோடு நோயெதிர்ப்பு மண்டலத்தின் ‘மேக்ரோஃபேஜ்’ என்னும் விழுங்கு செல்களும், விட்ரியஸ் கூழிலேயே குடியிருக்கும் ‘ஹயலோசைட்’ செல்களும் சேர்கின்றன. ஒவ்வொரு செல்லிலும் எந்தெந்த மரபணு இயங்குகிறது என்று தனித்தனியே படிக்கும் முறை அண்மைக் காலத்தில் வந்துள்ளது. அதன் பயனாக, முன்பு அதிகம் கவனிக்கப்படாத ஹயலோசைட்டுகளுக்கும் வடுவில் பங்குண்டு என்பது தெளிவாகி வருகிறது.

நோய்க்கு நோய் இந்தக் கூட்டத்தின் சேர்மானம் வேறுபடும். ஓட்டை விழுந்து விழித்திரை பெயர்ந்த கண்ணில் நிறமிச் செல் மிகுதி. முதுமையில் மாக்குலா என்னும் பார்வை மையத்தின் மேல் படரும் மெல்லிய சவ்வில் கிளையல் செல்லும் ஹயலோசைட்டும் மிகுதி. இந்த இரண்டாம் வகை மெதுவாக வளரும். நேர்கோடுகள் வளைந்து தெரிவது இதன் முதல் அடையாளம். தறியில் அமரும் நெசவாளர் பாவு நூல் ஓரிடத்தில் நெளிவதாக உணரலாம். மற்றவர்கள் சன்னல் கம்பியிலோ நாட்காட்டிக் கட்டங்களிலோ இதைக் காணலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால்தான் இது புலப்படும். இந்தச் சவ்வுகள் பலவற்றுக்கு அறுவை தேவைப்படுவதில்லை. ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தாலே போதும்.

சர்க்கரை நோயின் வடு

நம் பகுதியில் மிகுதியான கவலைக்கு உரியது நீரிழிவால் வரும் வடுவே. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. நாட்டின் சராசரி 11.4. நீரிழிவு உள்ளவர்களில் எத்தனை பேருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டுள்ளது என்பதைச் சென்னையில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் அளந்தன. 2005இல் வெளியான ‘க்யூர்ஸ்’ கண் ஆய்வு 17.6 விழுக்காடு என்றது. சங்கர நேத்ராலயாவின் ஆய்வு 2009இல் 18 விழுக்காடு என்றது. ஆறு பேரில் ஒருவர் என்று கொள்ளலாம். அவர்கள் எல்லாருக்கும் வடு உருவாவதில்லை. முற்றிய நிலையை அடையும் சிலருக்கே உருவாகிறது. ஆனால் அந்தச் சிலரில் பலர் வேலை செய்யும் வயதில் இருப்பவர்கள். இரவு பகலாக லாரி ஓட்டும் ஒருவர் இரு கண்ணிலும் பார்வை குறைந்து வரும்போது, அவருடைய உரிமமும் வீட்டின் வருவாயும் ஒன்றாகவே கேள்விக்குள்ளாகின்றன.

நீரிழிவு நீண்ட நாள் கட்டுப்பாடின்றி இருந்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. ஆக்சிஜன் கிடைக்காத விழித்திரை ‘வி.இ.ஜி.எஃப்.’ என்னும் புரதத்தைச் சுரந்து, புதிய குழாய்களை அழைக்கிறது. வருபவை வலுவற்ற குழாய்கள். விட்ரியஸ் கூழின் பின்பரப்பைப் பற்றிக்கொண்டு கொடிபோல் படர்கின்றன. தொடக்கத்தில் இந்தத் திசுவில் குழாய்களே மிகுதி. நாள் செல்லச் செல்லக் கிளையல் செல்களும் நார்ச் செல்களும் அதே கொடியைப் பிடித்துக்கொண்டு வருகின்றன. குழாய்கள் ஒடுங்க, நார் பெருக, செந்நிறக் கொடி வெண்ணிறப் பட்டையாக மாறுகிறது. அது சுருங்கும்போது குழாய் அறுந்து இரத்தம் கசியும்; அல்லது விழித்திரையே பெயரும்.

‘ஊசியால் கரையாதா?’ என்ற கேள்விக்கு விடை இங்கே உள்ளது. கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்து வி.இ.ஜி.எஃப். புரதத்தைத் தடுக்கிறது, அதனால் குழாய்கள் ஒடுங்கும். கொலாஜன் நாரையோ தசைநார்ச் செல்லையோ அது கரைப்பதில்லை. கொடியாக உள்ள நிலையில் ஊசியும் லேசரும் பெரும்பயன் தரும். பட்டையாகிவிட்ட பிறகு கத்திதான் வழி. லேசர் சிகிச்சை கடும் பார்வை இழப்பைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கிறது என்பது 1976இலேயே அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வால் உறுதியானது. கண்ணில் ஊற்றப்படும் மூலிகைச் சாறு எதுவாயினும் அது விழித்திரையைச் சென்று சேர்வதில்லை. கருவிழியைப் புண்ணாக்கிக்கொண்டு வருவோரைத்தான் பார்க்கிறோம்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். முற்றிய வடு உள்ள கண்ணில், அறுவையின்போது இரத்தக் கசிவைக் குறைப்பதற்காகச் சில நாள்களுக்கு முன் இந்த ஊசியைப் போடுவது உண்டு. குழாய்கள் சட்டென ஒடுங்கும்போது நார்ப்பகுதி மேலும் இறுகி, விழித்திரையை முன்னிலும் வலுவாக இழுக்கக்கூடும். ஆகவே ஊசி போட்ட பிறகு குறித்த நாளில் அறுவை நடந்தாக வேண்டும். வீட்டில் திருமணம் என்றோ, ஆடித் திருவிழா முடியட்டும் என்றோ நாளைத் தள்ளிவைப்பது இந்த ஒரு சூழலில் உண்மையாகவே ஆபத்தானது. தேதி ஒத்துவராது எனத் தெரிந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள், திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு செய்தி. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் சர்க்கரை மாத்திரை பலருக்கு வீட்டுக்கே வருகிறது. மிக நல்ல திட்டம். ஆயினும் மாத்திரை தவறாமல் கிடைப்பதால் கண் பரிசோதனையும் முடிந்துவிட்டது என எண்ணிவிட வேண்டாம். கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்திட்டு விழித்திரையை ஆண்டுக்கு ஒரு முறையேனும் பார்க்க வேண்டும். பார்வை தெளிவாக இருக்கும்போதே பார்க்க வேண்டும். மாக்குலாவை எட்டும்வரை வடு எந்த அறிகுறியையும் காட்டாமல் இருக்கலாம்.

உரித்தெடுக்கும் அறுவை

விட்ரியஸ் கூழை மூடிய கண்ணுக்குள்ளேயே வெட்டி உறிஞ்சி எடுக்கும் ‘விட்ரெக்டமி’ அறுவையை, மேலே குறிப்பிட்ட அதே மாகமர்தான் 1970இல் மயாமி நகரில் தொடங்கிவைத்தார். தம் கருவியின் முதல் மாதிரியைக் கோழிமுட்டையின் வெள்ளைக் கருவில் வைத்து அவர் சோதித்துப் பார்த்தார். விட்ரியஸைப் போன்ற வழுவழுப்பு அதற்கு உண்டு. நாமக்கல் வாசகர்களுக்கு இச்செய்தி பிடிக்கும் என நம்புகிறேன்.

இன்று இந்த அறுவை அரை மில்லிமீட்டர் அளவிலான துளைகளின் வழியே நடைபெறுகிறது. கூழை அகற்றி, நீல நிறச் சாயத்தால் மெல்லிய படலங்களை வேறுபடுத்திக் கண்டு, நுண்ணிய இடுக்கியால் வடுவைப் பிரித்தெடுக்கிறோம். நீரிழிவு வடு விழித்திரையோடு பல இடங்களில் முளையடித்ததுபோல் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு முளையையும் தனித்தனியே வெட்ட வேண்டும். ‘அரை மணியில் முடியும் என்றார்கள், மூன்று மணி நேரமாகிறதே’ என்று வெளியில் காத்திருப்போர் பதறுவது எங்களுக்குத் தெரியும். முளைகளின் எண்ணிக்கை உள்ளே சென்று பார்த்தால்தான் தெரியும்.

இனி இரண்டாம் கேள்வி. கண்ணுக்குத் தெரியும் சவ்வு முழுவதையும் உரித்தெடுத்தாலும், தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும் செல்கள் எஞ்சியிருக்கும். அறுவையே ஒரு காயம் என்பதால் அவற்றுக்குப் புதிய தூண்டுதலும் கிடைக்கிறது. விழித்திரைப் பெயர்ச்சிக்கு அறுவை செய்துகொள்வோரில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு இவ்வாறு வடு மீண்டும் தோன்றுகிறது. அதுவும் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள். நாள்பட்ட பெயர்ச்சி, பெரிய கிழிசல், கண்ணுக்குள் இரத்தக் கசிவு, ஊடுருவிய காயம் ஆகியவை இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். லேத் பட்டறையிலும் லாரி பாடி கட்டும் பட்டறையிலும், சுத்தியலும் உளியும் கொண்டு வேலை செய்யும்போது தெறிக்கும் இரும்புத் துணுக்கு இளைஞர்களின் கண்ணுக்குள் பாய்வது இங்கே அரிதன்று. அத்தகைய கண்களில் வடு மிகக் கடுமையாக உருவாகிறது. இரண்டு, மூன்று அறுவைகள் தேவைப்படலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்தால் இவற்றுள் ஒன்றுகூடத் தேவைப்பட்டிருக்காது.

செல் பெருகுவதைத் தடுக்கும் புற்றுநோய் மருந்துகளைக் கண்ணுக்குள் பயன்படுத்திப் பார்க்கும் முயற்சி நெடுநாளாக நடக்கிறது. ஃப்ளூரோயுராசில் மருந்தை ஹெப்பாரினுடன் சேர்த்துச் செய்த முதல் ஆய்வு நம்பிக்கை அளித்தது. பின்வந்த ஆய்வுகள் அந்தப் பயனை உறுதி செய்யவில்லை. மெத்தோட்ரெக்சேட் மருந்தும் ஆராயப்பட்டு வருகிறது. வடுவில் ஒரே வகைச் செல் இருந்திருந்தால் பணி எளிதாக இருந்திருக்கும். ஒன்றைத் தடுத்தால் மற்றொன்று அதன் பணியை ஏற்றுக்கொள்கிறது. இரண்டாம் அறுவை தேவை என்று சொல்லும்போது இதை மனத்தில் கொள்ளுமாறு குடும்பத்தினரைக் கேட்டுக்கொள்கிறேன். நோயாளி தலை அசைத்ததாலோ, இரண்டு நாள் பத்தியம் தவறியதாலோ அது வருவதில்லை. அவரை வீட்டில் குறைகூற வேண்டாம்.

அறுவைக்குப் பின் வீட்டில்

அறுவையின் முடிவில் விழித்திரையை அதன் இடத்தில் அழுத்தி நிறுத்துவதற்காகக் கண்ணுக்குள் வாயுவையோ சிலிக்கான் எண்ணெயையோ நிரப்புகிறோம். இரண்டுமே மேல்நோக்கி மிதப்பவை. ஆதலால் தலை எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது ஓட்டையின் இடத்தைப் பொறுத்து அமையும். பலரைக் குப்புறப் படுக்கச் சொல்வது இதனால்தான். இரண்டு தலையணைகளுக்கு நடுவே முகத்துக்கு இடைவெளி விட்டுக் கொடுத்தால் மூச்சுத் திணறாது. உணவு, குளியல், கழிப்பறை ஆகியவற்றுக்கு எழுந்திருக்கலாம். துணையிருப்பவர் மணிக்கு ஒரு முறை தோள்களைப் பிடித்துவிட்டால் நோயாளி இன்னும் சில மணி நேரம் தாங்குவார்.

வாயு நிரப்பியிருந்தால் அது தானே கரையும். வகைக்கு ஏற்ப இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகும். அதுவரை விமானப் பயணம் கூடாது என்பது பலருக்குத் தெரியும். மலையேறுவதும் கூடாது என்பது தெரிவதில்லை. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலத்திலிருந்து அங்கு ஏறும் ஒரு மணி நேரத்தில் காற்றழுத்தம் குறைந்து, கண்ணுக்குள் உள்ள வாயு ஏழில் ஒரு பங்கு அளவுக்கு விரிய முயலும். கண்ணின் சுவர் விரிந்து கொடுக்காது; உள்ளழுத்தம் ஏறி விழித்திரைக்கு இரத்தம் செல்வது நிற்கலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் இதே விதி பொருந்தும். ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ வீடு இருப்பவர்கள் அறுவைக்கு முன்பே எங்களிடம் சொல்ல வேண்டும். அடிவாரத்தில் உறவினர் வீட்டில் தங்கலாம், அல்லது வாயுவுக்குப் பதில் எண்ணெயைத் தேர்ந்துகொள்ளலாம். வேறு ஏதேனும் அறுவைக்காக மயக்க மருந்து தர நேர்ந்தால், கண்ணில் வாயு இருப்பதை அந்த மருத்துவரிடம் முதலிலேயே தெரிவியுங்கள். நைட்ரஸ் ஆக்சைடு தரக்கூடாது.

எண்ணெய் தானே கரையாது. பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதங்களில் இன்னொரு சிறு அறுவையால் அதை எடுக்க வேண்டும். வலி இல்லை, ஓரளவு பார்வையும் உண்டு என்பதால் பலர் வராமலே இருந்துவிடுகின்றனர். நாளடைவில் எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து கண் அழுத்தத்தை உயர்த்தும். கருவிழியையும் மங்கச் செய்யும். எண்ணெய் மேல்நோக்கி மிதப்பதால் கண்ணின் கீழ்ப்பகுதிக்கு அதன் தாங்குதல் குறைவு; நிறமிச் செல்கள் படிவதும் அங்கேதான். ஆகவே அந்த மாதங்களில் மேற்பக்கப் பார்வையில் புதிதாக நிழல் விழுந்தால், கீழ்ப்பகுதி விழித்திரை மீண்டும் பெயர்கிறது என்று பொருள் (கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுகிறது). அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திராமல் அன்றே வாருங்கள்.